மூன்றாவது சிலிண்டரின் ப்ளக்

நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும், வீட்டில் படுக்கச் சொன்ன பேச்சைக் கேட்காமல் நம் ஷெட்டுக்குத்தான் போனேன். அலமாரியின் மேல்தட்டில் நீ வைத்த இடத்திலேயே அந்த ஸ்பார்க் ப்ளக் இருந்தது. மற்றதெல்லாம் கரியும் எண்ணெயுமாகக் கிடக்க, இது மட்டும் இன்னமும் கழுவித் துடைத்ததுபோல் வெள்ளையாக இருக்கிறது. கன்னியப்பன் வண்டியில் மூன்றாவது சிலிண்டரிலிருந்து நீ கழற்றியது.

உத்திரமேரூரில் இரண்டு மெக்கானிக்குகள் ஒரே ஷெட்டில் சண்டையில்லாமல் இருந்தது நாம் மட்டும்தான் என்பார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? உன் நிதானம் எனக்கு அப்படி ஒரு எரிச்சல். வண்டி வந்ததும் நான் பானெட்டைத் திறப்பேன். நீ வண்டிக்காரரை உட்காரவைத்து டீ சொல்லுவாய். எஞ்சினைப் பார்க்கச் சொன்னால் ஜாதகம் பார்க்கிறாயே என்று கேலி பண்ணுவேன்.

கன்னியப்பன் பக்கத்து கிராமத்து விவசாயி. மனைவிக்கு கிட்னி இரண்டும் போய்விட, டயாலிசிஸுக்குக் காஞ்சிபுரம் போய்வர வாங்கிய பழைய பெட்ரோல் கார் அது. காலையில் ஸ்டார்ட் செய்தால் உதறும், திக்கும். கொஞ்ச நேரத்தில் தானே சரியாகிவிடும். மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர் என்றது ஸ்கேனர். நான் ப்ளக் எல்லாவற்றையும் மாற்றினேன், இக்னிஷன் காயிலையும் மாற்றினேன். மறுபடி வந்து நின்றார். ஹெட் கேஸ்கெட்டில் கசிவோ என்று ரேடியேட்டரைத் திறந்தால் தண்ணீர் கழுத்துவரை நிற்கிறது. தண்ணீர் குறையாதபோது கசிவு ஏது என்று விட்டுவிட்டேன். அந்த வாரம் வண்டி ஏரிக்கரை மேட்டில் இழுக்காமல் நின்றுபோய், அந்தம்மா வெயிலில் உட்கார்ந்திருந்தார்களாம். 

நீ கேட்டது ஒன்றுதான். "நைனா, காத்தால எழுந்ததுலேர்ந்து வண்டி எடுக்கிற வரைக்கும் இன்னா இன்னா பண்றீங்க, சொல்லுங்க."

"மாட்டுக்குத் தண்ணி காட்டுவேன். அப்டியே இதுக்கும் மூடியத் தொறந்து ஒரு சொம்பு ஊத்திடுவேன். இதுவும் நம்மள நம்பித்தான கீது?"

நான் தலையில் அடித்துக்கொண்டேன். நீ சிரிக்கக்கூட இல்லை. தண்ணீர் ஊற்றாமல் வண்டியை ஷெட்டில் விடச் சொன்னாய். அந்தம்மாவை மறுநாள் உன் மச்சான் காரில் நீயே அழைத்துப்போவதாகச் சொன்னாய். காலையில் மூடியைத் திறந்தால் தண்ணீர் இறங்கியிருந்தது. தரையில் சொட்டு ஈரமில்லை. ஸ்டார்ட் செய்ததும் அதே உதறல், சைலன்சரில் வெள்ளைப் புகை, ரேடியேட்டரில் குமிழி. பிறகுதான் ப்ளக்குகளைக் கழற்றினாய். எஞ்சினுக்கும் அதன் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் கேஸ்கெட் விட்டுப்போய், உள்ளே கசிந்த தண்ணீர் ஆவியாகி இந்த ஒன்றை மட்டும் கழுவி வைத்திருந்தது.

தண்ணீர் ஊற்றி நானே கெடுத்துவிட்டேனா என்று அவர் தவித்துப்போனார். நீ அவர் கையைப் பிடித்துக்கொண்டாய். "உங்க சொம்புதான் நைனா இத்தினி நாளா இன்ஜின காப்பாத்திக்கினு இருந்துச்சு. இனிமே கொறஞ்சா ஊத்தாதீங்க. எங்கிட்ட வந்து சொல்லுங்க."

அது ஆறுதலுக்குச் சொன்னதல்ல, முழு உண்மை. அதே உண்மை என் வாயிலிருந்து வந்திருந்தால் திட்டாகத்தான் வந்திருக்கும். உன்னைப்போல ஒரு வேலைக்காரனை நான் பார்த்ததில்லை, இனிமேலும் பார்க்கப்போவதில்லை.

குறைந்தால் வந்து சொல் என்று ஊருக்கெல்லாம் சொன்ன நீ, நெஞ்சு கரிக்கிறபோதெல்லாம் ஒரு சோடாவைக் குடித்துவிட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்தாய். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் கழுத்துவரை நிறைந்த ரேடியேட்டர்தான். ஒருநாள் அந்த நெஞ்சு நின்றே போனது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

போன வாரம் எனக்கும் நெஞ்சை அடைத்தது. கை முதலில் சோடா பாட்டிலுக்குத்தான் போனது. எடுத்ததை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தேன். வாசலில், ஆயில் மாற்றிக்கொண்டு கிளம்பத் தயாராக கன்னியப்பன் நின்றிருந்தார்.

"நைனா, எனக்குக் கொறையுது" என்றேன்.

அவர் உடனே காரின் கதவைத் திறந்தார். மனைவி உட்காரும் பின்சீட்டில் என்னைப் படுக்கவைத்துக் காஞ்சிபுரம்வரை ஓட்டினார். நீ ஹெட்டை இறக்கிச் சேர்த்த எஞ்சின், வழியில் ஓர் இடத்திலும் உதறவில்லை.