மீனாட்சி பக்கத்தில் என் கிளி

ஆம்பூர்,
வெள்ளிக்கிழமை.

அன்புப் பேரன் ஹேமந்துக்கு, உன் அப்பாவைப் பெற்ற ஆயா பங்கஜம் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அந்த ஜெர்மனிக் குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. போனில் பேசினால் உன் அம்மா பக்கத்தில் நின்று ஜாடை காட்டுகிறாள், அதனால் எழுதுகிறேன். நான் மூன்றாவதோடு நின்றவள், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

பாட்டில் தக்கையைத் திருகி எடுக்கிற பழைய கார்க் ஸ்க்ரூவையெல்லாம் நீ சேர்த்து ஒரு ஹாலில் பார்வைக்கு வைக்கப் போகிறாயாம். யானை, நாய், மீசைக்காரன் என்று விதவிதமான பிடி வைத்ததை போட்டோவில் பார்த்தேன். ஒவ்வொன்றின் அடியிலும் யார் வீட்டிலிருந்து வந்தது என்று அட்டை வைப்பாயாம். வேலூரிலிருந்து நீ வாங்கிக்கொண்டு போன பச்சைக் கிளிக்கு 'விஜயகுமாரி, வேலூர்' என்று எழுதப் போகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தக் கிளி என்னுடையது. உன் தாத்தா டேனரியில் வேலை செய்தபோது, தோல் வாங்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குப் போகும் அன்று கொடுத்தது. வீட்டுக்கு வந்ததும் மடியிலிருந்து எடுத்து, "இன்னா பங்கஜம், இது உனக்கு. தேய்ச்சு மோந்து பாரு" என்றார். கற்பூர வாசனை! அந்தக் காலத்து பிளாஸ்டிக்கில் கற்பூரம் கலப்பார்கள் என்று நீ இப்போது சொல்கிறாய். எங்களுக்கு அது சாமி சமாசாரமாகத்தான் தெரிந்தது. கிளிக்குக் கீழே சுருள் சுருளாக இருந்த கம்பி எதற்கென்று உன் தாத்தாவுக்கும் தெரியாது.

அந்த வாரமே அவர் தங்கை விஜயகுமாரி நவராத்திரிக்கு அழைக்க வந்தாள். அலமாரியில் பார்த்துவிட்டு, "அண்ணா, என் கொலுவுல மீனாட்சியோட கிளி உடைஞ்சுபோச்சு, இதைக் குடேன்" என்றாள். நான் அடுப்படியில் அவளுக்குத்தான் வடை தட்டிக்கொண்டிருந்தேன். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்துக் கொடுத்துவிட்டார் அந்த மனுஷன்.

அவள் அந்தக் கம்பியை வாழைத்தண்டில் திருகி மீனாட்சி பக்கத்தில் நிறுத்தினாள். வருஷா வருஷம் என் கிளிக்கு முன்னால் உட்கார்ந்து அவள் கொடுத்த சுண்டலை நான் தின்றேன். வந்தவர்களெல்லாம் அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அது ஒயின் பாட்டில் திறக்கிற சாமான் என்று நீ சொன்னபோது எனக்கு வந்த சந்தோஷத்தை எழுத முடியாது. அலகு ஏன் உருகியிருக்கிறது என்று கேட்டாயே, அவள் ஆரத்தித் தட்டைக் கிட்டே கொண்டுபோன லட்சணம் அது. என்னிடம் இருந்திருந்தால் சூடு பட்டிருக்காது.

நேற்று பஸ் ஏறி வேலூருக்கே போய், "கிளி யாருதுடி?" என்று கேட்டேன். "உங்களுதுதான் அண்ணி. அன்னிக்கே உங்க மூஞ்சி போன போக்கைப் பார்த்தேன். தெரிஞ்சேதான் எடுத்துட்டு வந்தேன்" என்று சிரிக்கிறாள்! அப்படியானால் என் பேரைப் போடச் சொல் என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. "உங்க பேரைச் சொல்லப் புள்ளை, பேரன்னு கீறாங்க. எனக்கு யாரு அண்ணி? எங்கியோ ஒரு அட்டையிலயாவது இருந்துட்டுப் போறேனே" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

கண்ணைக் கசக்கி ஜெயிப்பது அவளுக்கு எப்போதும் உள்ள பழக்கம்தான். இருந்தாலும் அவள் பேரையே எழுது. என் பேரைச் சின்னதாகக்கூடப் போட வேண்டாம். உன் தாத்தா எனக்குத்தான் கொடுத்தார் என்பது அவள் வாயாலேயே வந்துவிட்டது. எனக்கு அது போதும்.

போதும் என்று எழுதிவிட்டேன், ஆனால் போதவில்லை. அடுத்த தடவை நீ காட்பாடியில் இறங்கி அவள் வீட்டில் பெட்டியை வைத்துவிட்டு, விருந்தாளி மாதிரி இங்கே வந்து தலையைக் காட்டாதே. ஆம்பூருக்கே டிக்கெட் எடு. முதல் வாய்ச் சோறு என் கையால் சாப்பிடு. அப்புறம் நானே உன்னை அவளிடம் கூட்டிக்கொண்டு போகிறேன்.

நோய்நொடி இல்லாமல் நல்லா இரு ராசா.

வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்
உன் சொந்த ஆயா,
பங்கஜம்