கூரைக்கு என்று சொல்லி வாங்கிய கைநாட்டு

என் அன்பு மச்சான் தங்கையாவுக்கு,

நீ கண்ணை மூடி மூன்று மாதம் ஆகிறது. நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். இது சபை மடலில் வரவேண்டும். உன்னைக் குடிகாரன் என்று நம்பிய அத்தனை பேரும் வாசிக்க வேண்டும்.

போன மாதம் உன் மனைவி கிருபை, உன் பெட்டிக்குள் கிடந்த ஒரு தாளை என்னிடம் நீட்டினாள்.

"தெரிஞ்சுதான் வச்சீங்களாண்ணே?"

வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். ராஜபாளையம் வேதக்கோயிலில் பதினெட்டு வருடம் மணியடித்த நீ குடித்துவிட்டு வருகிறாய் என்று சபைச் செயலாளர் அருளானந்தம் எழுதிய புகார். கீழே சாட்சியாக என் கைநாட்டு.

அந்த நாள் எனக்கு அப்படியே நிற்கிறது. ஞாயிறு ஆராதனை முடிந்து, செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். அருளானந்தம் மை டப்பாவோடு வந்தார். "கூரை ஒழுகுதுல்லா அண்ணாச்சி, புது ஓடு கேட்டு மனு. வையும்" என்றார். வைத்தேன்.

அந்தத் தாளைக் காட்டித்தான் உன்னை வேலையை விட்டு அனுப்பியிருக்கிறார்கள். வேலை போன அன்று மாலையே நீ என் வீட்டில் வந்து உட்கார்ந்தாய்.

"ஏம்ல வேலைய விட்ட?"

"கயிறு இழுக்க ஏலல மச்சான். கொழம்ப ஊத்து."

அவ்வளவுதான் சொன்னாய். உன்னைக் குடிகாரன் என்றவர்களிடம் நான் சண்டைக்குப் போனபோதெல்லாம் சபையார் ஏன் வாயைப் பொத்திச் சிரித்தார்கள் என்று இப்போதுதான் விளங்குகிறது. திருவிருந்துக்கு முன் சமாதானம் சொல்லும்போது அந்த அருளானந்தத்துக்கும் நீ கை கொடுத்தாயே, எப்படி முடிந்தது? என்னை நோகடிக்கக் கூடாது என்று மறைத்தாயா? ஒரு ஏச்சு ஏசியிருந்தால் அன்றைக்கே எல்லாவற்றையும் நேராக்கியிருப்பேனே. இதுவா நட்பு?

அருளானந்தம் இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் மகன் வீட்டில் படுத்த படுக்கை. வந்து ஜெபம் பண்ணச் சொல்லி ஆள் விட்டிருந்தார். சபைப் போதகர் ஐயரும் போகச் சொன்னார். தாளை மடித்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

"வாரும் அண்ணாச்சி. செத்த நேரம் ஜெபம் பண்ணும்."

"ஜெபம் பொறவு. மொதல்ல இத வாசியும்."

"கண்ணாடி இல்லையே."

"ஒம்ம தலைமாட்டுலதான் இருக்கு."

வாசித்தார். என் பேர் வந்த இடத்தில் நிறுத்தினார். "ஒமக்குப் படிப்பு இல்லாததுக்கு நானா பொறுப்பு?" என்றார். அந்தக் குரல் மட்டும் படுக்கவே இல்லை, மச்சான்.

மகன் குறுக்கே வந்தான். "சாகப்போற மனுசங்கிட்ட போயி ஏன் பெரியப்பா?"

"எங்கூட்டாளி செத்தே போயிட்டான், தம்பி."

ஜெபம் பண்ணாமல் வந்துவிட்டேன். மன்னிக்க வேண்டும் என்கிறார் ஐயர். மன்னிப்பேன். ஆனால் உன் பேர் கெட்ட இடத்திலேயே அது முதலில் நேராக வேண்டும்.

வருகிற ஞாயிறு திருவிருந்துக்கு முன் எழுந்து நிற்பேன். வார்த்தை அருளானந்தத்தினுடையது, விரல் என்னுடையது என்று சொல்வேன். உன்னைக் குடிகாரன் என்று நம்பியவர்கள் ஒவ்வொருவரும் கிருபையிடம் வந்து மன்னிப்புக் கேட்கிற வரை நான் திருவிருந்து வாங்கப் பீடத்தில் முழங்காலிட மாட்டேன். இது உனக்குக் கொடுக்கும் வாக்கு.

முதல் ஆளாக நான் போய் அவள் முன்னால் நிற்பேன்.

உன் மச்சான்,
செல்லையா