கடிதத்தில் இல்லாத வரி

ராஜபாளையம், 12.7.1991, வெள்ளி

மகள் செல்விக்குக் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. 'உதவித்தொகை உண்டு' என்று ஒரே வரி. பீஸே கிடையாது என்று நம்பி, மில்லில் என் ஷிப்டு முழுக்க மிட்டாய் கொடுத்த புத்திசாலி நான்.

இன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்லூரிக்குப் போனால் கிளார்க் சிரிக்கிறார். "மொத்தத்தையும் இப்பக் கட்டுங்க. உதவித்தொகை வருசக் கடைசிலதான் வரும். வந்தா."

"அதையும் கடிதத்துல எழுதுனா மை தீந்துருமா சார்?"

"எல்லாருக்கும் தெரிஞ்சதுதான."

எனக்குப் பின்னால் சேத்தூர்க்காரர் ஒருவர் அதே மாதிரிக் கடிதத்தோடு, கையில் பணமில்லாமல் நின்றார். அவருக்கும் தெரியாது. பிறகு யாருக்குத்தான் தெரியுமாம்?

திங்கட்கிழமைக்குள் கட்டாவிட்டால் சீட் போய்விடும். பஸ்ஸில் செல்வி மெதுவாகக் கேட்டாள், "அப்பா, நான் அடுத்த வருசம் சேரட்டுமா?"

அம்புட்டுக் கோபத்தையும் அவள் மேல்தான் கொட்டினேன். கிளார்க்கை மட்டும் கடைசிவரை சார் என்றே கூப்பிட்டிருக்கிறேன்.