வேருக்கு வைத்த ஐஸ்

நேற்று மகளும் மாப்பிள்ளையும் பிரான்சிலிருந்து ஓர் ஒயின் பாட்டிலோடு வந்தார்கள். நீங்கள் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்தபோது குடித்துப் பழகி, பென்ஷனோடு ஊர் திரும்பிய பிறகும் வாய் ஓயாமல் புகழ்ந்தீர்களே, அதே ஊர் ஒயின். மூடியைத் திறந்ததும் கூடமெல்லாம் மணம். மாலை போட்ட படத்திலிருந்து நீங்களே இறங்கி வந்துவிட்டதுபோல் இருந்தது எனக்கு.

எழுபதுகளில் மூலக்குளத்தில் வீடு கட்டிய கையோடு நீங்கள் குழி தோண்டியது திராட்சைக் கொடிக்குத்தான். முருங்கை வைக்கலாம் என்றேன். கேட்டால்தானே! மகள் கல்யாணத்தில் நம் வீட்டு ஒயினைத்தான் ஊற்றுவேன் என்று பட்டாளத்துக் கூட்டாளிகளிடம் சவால் வேறு.

கொடி படர்ந்தது, காய்க்கவில்லை. "அதுக்குக் குளிர்காலம் வேணும்டி. பனியில தூங்கி எழுந்தாதான் காய்க்கும்" என்றீர்கள். மார்கழியில், மீன்காரர்கள் வாங்கும் இடத்திலிருந்து ஐஸ் பாளத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து, வேரைச் சுற்றி அடுக்கி, உமியால் மூடினீர்கள். "கொடிக்கு ஜுரமாக்கா?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டுக்காரி. மீன் வாசனைக்குத் தெருப் பூனையெல்லாம் நம் தோட்டத்திலேயே கிடந்தன. நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். ஆனாலும் உமியை அள்ளிக் கொடுத்தது நான்தான்.

ஐஸாலோ, அப்புறம் நீங்கள் ஒட்ட வெட்டிவிட்டதாலோ, கொடி காய்த்தது. பழத்தைப் பிசைந்து ஜாடியில் ஊறப் போட்டீர்கள். கல்யாணத்தன்று கூட்டாளிகள் "சாந்தே!" என்று பிரெஞ்சில் வாழ்த்திக் கிளாஸைத் தூக்கினார்கள். ஒரு வாய்தான். "இனிப்பு இருக்குது, போதை இருக்குது. புளிப்பு எங்கப்பா?" என்றார் ஒருவர். கிளாஸ்கள் மேசைக்குத் திரும்பின. உங்கள் முகம் சுண்டிப்போனது. எனக்குப் பொறுக்கவில்லை. அதுவரை ஒயினைத் தொட்டறியாதவள், எல்லார் முன்னாலும் ஒரு கிளாஸை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் ஊத்துங்க" என்றேன். பந்தலே சிரித்தது. நீங்களும் சிரித்துவிட்டீர்கள்.

"வேருக்கு ஐஸ் வச்சேன், வானத்துக்கு வைக்க முடியுமா? இங்க ராத்திரியும் புழுங்குது. பழத்துல புளிப்பு நிக்கல" என்றீர்கள் அப்புறம். அதோடு ஒயினை விட்டுவிட்டுப் பழமாகவே தின்றோம்.

நேற்று மகள் சொன்னாள்: "அங்கயும் வெயில் தாங்கலம்மா. ராத்திரிகூடக் குளிர மாட்டேங்குது. செப்டம்பர் கடைசியில திராட்சை பறிச்சவங்க இப்போ ஆகஸ்ட்லயே பறிச்சுடறாங்க."

ஒரு வாய் குடித்தேன். இனிப்பும் போதையும் தூக்கல். புளிப்பைத் தேட வேண்டியிருந்தது. "அப்பா போட்ட மாதிரியே இருக்குது, இல்லம்மா?" என்றாள் மகள். அந்த ஊர் விவசாயிகளை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது. நாம் பட்டது அவர்களுக்கும் வந்துவிட்டதே. ஆனாலும், இவ்வளவு காலம் கழித்து உங்கள் ஒயின் நாக்கில் பட்டதும் என் மனசு நிறைந்துவிட்டது, மறைப்பானேன்?

"முன்ன மாதிரி இல்ல அத்தை" என்று மாப்பிள்ளை கிளாஸைக் கீழே வைத்தார்.

நான் என் கிளாஸை மகளிடம் நீட்டினேன். "இன்னும் கொஞ்சம் ஊத்துடி."