சீட்டில் இருக்கும் நாலு விரல்

கோவில்பட்டி
12.6.2003

சென்னையில் இருக்கும் அன்பு மருமகள் ஜெயப்பிரியாவுக்கு, சைக்கிள் கடை மாமா வன்னியபெருமாள் ஆசீர்வாதத்தோடு எழுதுவது. நானும் உன் அத்தை ரெங்கம்மாளும் சுகம். மழைதான் இல்லை. கரிசல் வெடித்துக் கிடக்கிறது. போன வாரம் ஒரு பஸ்ஸின் முன் சக்கரமே வெடிப்புக்குள் போய்விட்டது. நான் தனியாளாகத் தூக்கிவிட்டேன்.

பழைய போட்டோக்களை ஒட்டி, வாயிலிருந்து முட்டை முட்டையாகப் பேச்சு வருகிற மாதிரி நீ படக்கதைப் புத்தகம் செய்வது இங்கே எல்லாருக்கும் தெரியும். மந்திரி வெளியிடுகிறார் என்று சொல்லி வைத்திருக்கிறேன். யாராவது கேட்டால் நீயும் அப்படியே சொல்.

உன் கடிதத்தைக் கடையில் வைத்துச் சத்தமாக வாசித்தேன். அந்தக் காலத்துப் பெண்களின் விடுதலையும் வேட்டையும்தான் கதை என்று வாசித்தேன். பஞ்சர் ஒட்ட வந்த சுந்தரபாண்டியன் அண்ணாச்சி, ஜெயிலிலிருந்து விடுதலையான பொம்பளைகள் வேட்டைக்குப் போகிற கதையா என்று கேட்டார். ஆமாம், ஆளுக்கு ஒரு துப்பாக்கி என்றேன். நானே ரெண்டு புலியையும் சேர்த்துச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து உன் அத்தையிடமும் கேட்டேன். உங்கள் ஊர் எப்போதும்வென்றானில் எந்தப் பொம்பளையாவது முயல் கியல் அடித்திருக்கிறாளா, ஜெயா போட்டோ கேட்கிறாள் என்றேன். அவள் அடுப்புக்குப் பருத்திமார் ஒடித்துக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துவிட்டுக் கடிதத்தை வாங்கிப் பார்த்தாள்.

"வேட்டை இல்லைங்க, வேட்கை. ஆசைன்னு அர்த்தம்" என்றாள். கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "ரெண்டும் ஒண்ணுதான். நானும் ஒரு தடவை போயிருக்கேன்" என்றாள்.

நம் கடைச் சுவரில் மாட்டியிருக்கிற போட்டோ உனக்குத் தெரியும். அத்தை தாவணியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பக்கத்தில் நான் சீட்டில் கை வைத்து நிற்பேன், சினிமாக்காரன் மாதிரி. என் பெண்டாட்டிக்கு நான்தான் சைக்கிள் பழக்கினேன் என்று அதைக் காட்டித்தான் ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன். உனக்கும் சொன்னேன். உண்மையில் அவள் மட்டும் நின்ற படம் அது. கல்யாணத்துக்கு அப்புறம் நான் தனியாக ஒரு படம் எடுத்து, ஸ்டூடியோக்காரரைக் கொண்டு அவள் பக்கத்தில் ஒட்டிச் சேர்க்கச் சொன்னேன். அவரும் ஒட்டி, மறுபடி ஒரு படம் பிடித்துக் கொடுத்தார். தொழிலுக்கு ஒரு கெத்து வேண்டாமா.

அந்தப் படம் எடுத்த கதையை உன் அத்தை அன்றைக்குத்தான் சொன்னாள். அவள் அண்ணன் பருத்தி மார்க்கெட்டுக்குப் போகிற நாளில், அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு அறுவடை முடிந்த காட்டில் தானாகவே விழுந்து எழுந்து பழகியிருக்கிறாள். முழங்காலில் இருக்கிற தழும்பு அதுதானாம். நான் அம்மைத் தழும்பு என்று நினைத்திருந்தேன். பிறகு ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் எட்டயபுரம் வரைக்கும் மிதித்துப் போய், பருத்தி எடுத்த கூலியில் அந்தப் படத்தை எடுத்திருக்கிறாள். எதற்கு என்று கேட்டேன். "நான் வந்தேன்னு எனக்கே ஒரு அத்தாட்சி வேணும்லா" என்றாள். திரும்பி வந்ததும் அவள் அப்பா சைக்கிளுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டார். அடுத்த மாசமே எனக்குப் பெண் பேசினார்கள். பெண் ரொம்ப அடக்கம் என்று என்னிடம் சொன்னது அப்போதுதான்.

அப்புறம் சைக்கிள் ஏறினாயா என்று நான் கேட்கவில்லை. கடையில் எத்தனை சைக்கிள் நிற்கிறது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

படத்தை உன் புத்தகத்துக்குக் கொடுக்கச் சம்மதமா என்று மட்டும் கேட்டேன். அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "குடுங்க. ஆனா நான் அன்னைக்கு நின்ன மாதிரியே போடணும். நீங்க அங்கன இல்லையே."

மறுநாள் கடை திறந்ததும் படத்தைக் கழற்றிக் கத்தரிக்கோலை எடுத்தேன். அண்ணாச்சி, ஏலே வன்னியபெருமாளு, நல்லாத்தானே இருக்கு, எதுக்கு உன்னையவே வெட்டுத என்றார். புத்தகத்தில் இடம் பத்தாதாம், ஆளை முழுசாகப் போட்டால் பக்கம் தாங்காதாம் என்றேன். வெட்டினதில் அத்தை நிற்கிற பாதியை இதோடு வைத்திருக்கிறேன். என் கை வரைக்கும் சரியாக வந்துவிட்டது. சீட்டில் இருக்கிற நாலு விரலை மட்டும் வெட்ட முடியவில்லை. வெட்டினால் சீட்டும் போய்விடும். கம்ப்யூட்டரில் அதை அழிக்கலாம் என்கிறார்கள். அழித்துவிடு தாயி. மாமா வருத்தப்படுவேன் என்று நினைக்காதே.

அவள் வாயிலிருந்து வருகிற முட்டையில் என்ன எழுதுவது என்று அவளிடமே கேட்டு எழுது. என்னிடம் கேட்காதே, நான் புலியைச் சேர்த்துவிடுவேன்.

ஒரு லேடீஸ் சைக்கிளுக்குக் காற்றடித்து வீட்டு வாசலில் நிறுத்தியிருக்கிறேன். இதுவரை ஒன்றும் நடக்கவில்லை. காலையில் பார்த்தால் சீட்டில் தூசி மட்டும் துடைத்திருக்கிறது.

நீ நோய் நொடி இல்லாமல், நினைத்த இடத்துக்கெல்லாம் போய் வந்து நன்றாக இருக்க வேண்டும். விரலை அழித்ததும் அத்தை மட்டும் நிற்கிற படத்தைப் பெரிசாக்கி அனுப்பு. கடைச் சுவரில் ஆணி சும்மா இருக்கிறது. வருகிறவர்கள் கேட்கிறார்கள். என் பெண்டாட்டி யாரும் சொல்லித்தராமல் ஒரே நாளில் பழகினாள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். படம் வருவதற்குள் அது அரை மணி நேரமாகிவிடும். சீக்கிரம் அனுப்பு.

இப்படிக்கு,
உன் மாமா
வன்னியபெருமாள்