க்ளென் அண்ணனின் ஆறு பாட்டில்கள்

பிரேசர் டவுன், பெங்களூரு
செப்டம்பர் 14

அன்புள்ள யூனிஸ் அக்காவுக்கு,

உங்கள் டாடி வீட்டில் வேலை செய்த காந்தாம்மாவின் மகள் மகா எழுதுவது. ஆன்ட்டி நலம். அங்கிளும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், வரவில்லை. போனில் பேசவும் எனக்கு வராது. வீடியோவில் உங்கள் முகம் வந்ததும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. அதனால் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். ஆன்ட்டிக்குத் தெரியாது.

அங்கிளின் தொண்டைக்கு ஆஸ்பத்திரியில் முப்பது நாள் கரண்ட் வைத்தும் புற்றுக்கட்டி கரையவில்லை. கஞ்சியை வடிகட்டிக் கொடுக்கிறேன். அரை டம்ளர் இறங்க ஒரு மணி நேரம் ஆகிறது. குரலும் தேய்ந்துவிட்டது, அருகில் குனிந்தால்தான் கேட்கும்.

அவர் கேட்பது ஒன்றே ஒன்று. நீங்கள் கனடா போகும்போது க்ளென் அண்ணன் இங்கே வைத்துவிட்டுப் போன ஆறு சிவப்பு வைன் பாட்டில்களில் ஒன்றைத் திறக்க வேண்டுமாம். "நாப்பது வருசமா கிறிஸ்மஸுக்கு கருப்பு திராட்ச வாங்கி, ஜாடில போட்டு, தெருவுக்கே வைன் குடுத்தேன். எல்லாரும் சூப்பர் அங்கிள்னு சொன்னாங்க. ஓசில குடிக்கிறவன் வேற என்ன சொல்வான்? பிரான்ஸ் வைன ஒரு வாய் குடிச்சாதான் என்னுது என்ன லட்சணம்னு தெரியும்" என்கிறார்.

ஆன்ட்டி ஒத்துக்கொள்ளவில்லை. "அது மாப்பிள்ளையோட சொத்து. பத்து வருசம் தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு. பேத்தி படிப்புக்கு விக்க வச்சத குடிச்சுத் தீக்கணுமா, கிளாரன்ஸ்?" என்று கேட்டார். "பத்து வருசம் கழிச்சு என் கல்லறைல ஊத்தப் போறியா?" என்று அங்கிள் திருப்பிக் கேட்டார். ஆன்ட்டி சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றார். பாத்திரம் எதுவும் கழுவவில்லை.

நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் ஆன்ட்டி திறப்பார். அண்ணனிடம் கேட்டுச் சொல்லுங்கள் அக்கா. சீக்கிரம் சொல்லுங்கள்.

பணிவுடன்,
மகா


பிரேசர் டவுன்
நவம்பர் 5

அன்புள்ள யூனிஸ் அக்காவுக்கு,

உங்கள் பதில் அப்போதே வந்தது. ஆறும் சேர்ந்திருந்தால்தான் நல்ல விலை, ஒன்றைத் திறந்தால் மற்றவற்றின் மதிப்பும் இறங்கிவிடும், கிறிஸ்மஸுக்கு வரும்போது அண்ணனே ஒன்றைத் திறந்து கொடுப்பார், அதுவரை டாடியைச் சமாதானப்படுத்து என்று எழுதியிருந்தீர்கள். அப்படியே சொன்னேன். அங்கிள் தலையை ஆட்டிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

போன திங்கட்கிழமை வயிற்றில் குழாய் வைத்துவிட்டார்கள். இனி வாய்வழியாக எதுவும் கிடையாது. அதற்கு முந்தைய நாள் பூசைக்குப் போய்வந்த ஆன்ட்டி, சேலைகூட மாற்றாமல் அலமாரிச் சாவியை என்னிடம் நீட்டி, "ஒண்ணு எடுடி" என்றார். உங்களிடம் கேட்கலாமா என்றேன். "நாளைக்குக் குழாய் வைக்கிறாங்கடி. கேட்டு என்ன ஆகப் போகுது?" என்றார்.

கார்க்கில் ஒரு ஸ்க்ரூவைத் திருகி இடுக்கியால் இழுத்தேன். காய்ந்த மண்ணாங்கட்டி மாதிரி உதிர்ந்தது. டீ வடிகட்டியில் வடித்துக் கொடுத்தோம். அங்கிள் முதலில் முகர்ந்து பார்த்தார். பிறகு ஒரு ஸ்பூன் வாங்கி வாயிலேயே வைத்திருந்தார். எப்படி இருக்கிறது என்று ஆன்ட்டி கேட்டார். "ஃபர்ஸ்ட் கிளாஸ், பிரிஜெட். மாப்பிள்ள கெட்டிக்காரன். என்னுது இதுக்கு முன்னாடி நிக்காது. மிச்ச அஞ்சையும் பத்திரமா வை" என்றார். ஆன்ட்டி அழுதுகொண்டே சிரித்தார்.

டம்ளரைக் கழுவும்போது ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். வெறும் புளிப்பு அக்கா. ஊறுகாய்க்கு ஊற்றும் வினிகர் மாதிரி இருந்தது.

ஆன்ட்டி குளிக்கப் போனதும் அங்கிள் என்னைக் கூப்பிட்டு, இத்தனை நாளும் பாட்டில்கள் எங்கே இருந்தன என்று கேட்டார். அவரிடம் சொன்னதை உங்களிடமும் சொல்கிறேன். அண்ணன் மரப்பெட்டிக்குள் அவற்றைப் படுக்க வைத்து, மாடிப்படிக்கு அடியில் விட்டுப்போயிருந்தார். அம்மாவுக்கு முதுகு போய், ஒன்பதாவதோடு நின்று நான் வேலைக்கு வந்த முதல் மாதம், அந்தப் பெட்டியில் கரையான் ஏறியிருந்தது. எனக்குப் புது வீடு, யாரிடமும் கேட்கக் கூச்சம். எங்கள் வீட்டில் எண்ணெய் பாட்டிலைக்கூட யாரும் படுக்கப் போட மாட்டார்கள், ஒழுகிவிடும். அதனால் ஆறையும் துடைத்து, சமையலறையில் கேஸ் அடுப்புக்கு மேலே இருக்கும் அலமாரியில் வரிசையாக நிற்க வைத்தேன். ஈரம் வராத இடம், பிள்ளைக்குப் பொறுப்பு இருக்கிறது என்று ஆன்ட்டி சந்தோஷப்பட்டுப் பூட்டினார்.

"அடுப்புக்கு மேலயா? அடிப்பாவி, நிக்க வச்சு கார்க்கக் காய விட்டு, ரெண்டு வருசமா வைன வேக வச்சிருக்கியே!" என்று அங்கிள் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, அடங்கவே நேரமாயிற்று. பிறகு, "பிரிஜெட்டுக்குச் சொல்லாத" என்றார். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. இப்போது குரலே வருவதில்லை.

மிச்சம் ஐந்தும் அப்படித்தான் இருக்கும். பேத்தியின் படிப்பு உள்ளே இருக்கிறது என்று நினைத்து ஆன்ட்டி தினமும் ஜெபம் முடித்ததும் பூட்டை இழுத்துப் பார்க்கிறார். அண்ணனிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும். என் பெயரைச் சொல்லியே சொல்லுங்கள். அவர் என்ன திட்டினாலும் கேட்டுக்கொள்கிறேன்.

அதைவிட, அங்கிள் தெரிந்துகொள்ள நினைத்தது அவருக்குத் தெரியாமலே போய்விட்டது. இனி நல்ல பாட்டிலே கிடைத்தாலும் அவரால் குடிக்க முடியாது. சப்பாத்தி தேய்க்கும்போதும் துணி துவைக்கும்போதும் இதுதான் எனக்குள் ஓடுகிறது.

நீங்கள் டிசம்பர் இருபதுக்கு டிக்கெட் போட்டிருப்பதாக ஆன்ட்டி நர்ஸிடம் சொன்னார். நர்ஸ் திரும்பி என்னைப் பார்த்தார். மாற்ற முடிந்தால் மாற்றுங்கள் அக்கா.

முடியாவிட்டால் போனாவது செய்யுங்கள். ஸ்பீக்கரில் போட்டு அங்கிளின் காதருகே பிடிக்கிறேன். நீங்கள் அங்கே நல்ல வைன் குடித்திருப்பீர்கள். அதற்கும் டாடி செய்ததற்கும் என்ன வித்தியாசம் என்று உங்களுக்குத்தான் தெரியும். அதைச் சொல்லுங்கள். உங்களுடையது நன்றாகத்தான் இருந்தது என்று சொல்ல முடிந்தால் சொல்லுங்கள். அவரால் பதில் பேச முடியாது. ஆனால் காது நன்றாகக் கேட்கிறது.

காத்திருக்கும்,
மகா