நம் வீட்டில் மட்டும் எரிகிற விளக்கு

போலோ, பரஹோனா மலை
பிப்ரவரி 11

என் மருமகள் யூதெல்காவுக்கு,

கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும். "ஆசி கொடுங்க மாமா" என்று நீ கேட்கும் முன்பே கொடுத்துவிட்டேன். உனக்குக் கேட்க நேரம் ஏது?

ஃபோன் இருக்கக் கடிதம் ஏன் என்பாய். போன தடவை அழைத்தபோது என்னிடம் என்ன சொன்னாய் தெரியுமா? "தாங்கள் பொறுமையுடன் காத்திருந்தமைக்கு நன்றி." என்னிடம்! உன்னைத் தோளில் சுமந்து இந்தத் தீவையே மும்முறை சுற்றியவனிடம்! கனடாவில் உட்கார்ந்து ஹோட்டல் தலையணை கல்லாக இருக்கிறது என்று உன் கால் சென்டருக்கு ஃபோன் போட்டுப் புலம்புகிறவன் குரலும் தாய்மாமன் குரலும் உனக்கு ஒன்றாகிவிட்டன. ஆகவே பஸ் டிரைவர் செனோன் கையில் இந்தச் சாசனத்தைக் கொடுத்தனுப்புகிறேன்.

கிறிஸ்துமஸுக்கு வந்தபோது உன் வீட்டைப் பார்த்தேன். படுக்கையறையில் நீ, காதில் கருவி. சமையலறை மேஜையில் உன் புருஷன் வில்கின், அவன் காதிலும் கருவி. நடுவே உன் மகள் நயேலி, ஏழு வயதுக் குழந்தை, பால் திருடப் போகிற பூனை மாதிரி நுனிக்காலில் நடக்கிறாள். அப்போது கரண்ட் போனது. நீ போட்ட கூச்சலில் சாந்தியாகோ நகரத்துக் கோழிகளெல்லாம் முட்டையிட்டிருக்கும். இணையப் பெட்டியும் செத்ததால் வேறு வழியில்லாமல் எல்லோரும் நடைபாதையில் நாற்காலி போட்டோம். தெருவே அங்கேதான் இருந்தது. டோமினோ ஆட்டத்தில் வில்கின் ஏமாற்றினான். நான் அதைவிட நன்றாக ஏமாற்றினேன். நயேலி உனக்குச் சடை பின்னினாள். ஒவ்வொரு சடையும் ஒவ்வொரு திசைக்குப் போனது.

கரண்ட் வந்தது. "வந்துருச்சு!" என்று தெரு முழுக்கக் கைதட்டல். நீங்கள் இருவரும் தீப்பிடித்தவர்கள் போல உள்ளே ஓடினீர்கள். குழந்தை மட்டும் அழுதது. பாவம், இருட்டில் பயந்துவிட்டது போலிருக்கிறது.

இனி அந்தப் பயம் வேண்டாம். முப்பது வருஷம் மின்கம்பத்தில் குடியிருந்தவன் நான். இன்வெர்ட்டரும் லாரியே தள்ளாடும் எடையில் பேட்டரிகளும் கொண்டு வருகிறேன். தாய்மாமன் சீர் என்றால் இதுவல்லவோ சீர்!

மின்சாரச் சக்கரவர்த்தி,
உன் மாமா தியோதுலோ


சாந்தியாகோ
ஏப்ரல் 20

அன்புள்ள மாமாவுக்கு,

ஆசி கொடுங்கள்.

நீங்கள் மாட்டிவிட்டுப் போன நாளிலிருந்து எங்கள் வீட்டுக்குக் கரண்ட் போவதே தெரிவதில்லை. ஒரு அழைப்புகூட அறுபடவில்லை. மேலிடத்தில் பாராட்டி, எனக்குக் கீழே ஒரு குழுவையே கொடுத்துவிட்டார்கள். வில்கினும் மாலை வேலை ஒன்று கூடுதலாக எடுத்திருக்கிறார். எல்லாம் உங்கள் புண்ணியம்.

நீங்கள் அனுப்பிய அவகாடோ வந்தது. பாதி அழுகிவிட்டது. செனோனைத் திட்டாதீர்கள், பிரிக்க மறந்தது நான்தான்.

நயேலியைக் கேட்டால் சிரிப்பீர்கள். தெரு இருட்டானதும் எதிர்வீட்டு மிலாக்ரோஸ் அம்மா வாசலுக்கு ஓடிவிடுகிறாள். நேற்று வந்து, "நம்ம வீட்டுக்கு எப்பம்மா கரண்ட் போகும்?" என்கிறாள். "நம்ம வீட்டுல இனி போகாதுடி, தாத்தா கோட்டை கட்டிட்டாரு" என்றேன். வில்கின் மைக்கை அணைத்துவிட்டுச் சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. தூக்கக் கலக்கம் என்று நினைக்கிறேன்.

உங்கள் யூதெல்கா


போலோ
மே 14

கோட்டைக்குள் இருக்கும் மகாராணிக்கு,

உன் கடிதத்தை ஊருக்கே வாசித்துக் காட்டினேன். காப்பித் தோட்டத்து வெள்ளாடுகள்கூட எழுந்து நின்று கேட்டன. நான் மாட்டிய இன்வெர்ட்டரைப் பார்க்க வெளிநாட்டுப் பொறியாளர்கள் கப்பலேறி வருவதாகப் பேச்சு, கிளப்பிவிட்டவன் நான்தான்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. வீட்டிலிருந்தே செய்கிற வேலை கிடைத்தபோது என் கழுத்தைக் கட்டிக்கொண்டு என்ன சொன்னாய்? "இனிமே புள்ள கூடவே இருப்பேன் மாமா." இருக்கிறாயா?

இருப்பாய். நான் ஒரு கிழட்டுச் சந்தேகப்பிராணி.

தியோதுலோ


சாந்தியாகோ
ஜூலை 3

மாமாவுக்கு,

ஆசி கொடுங்கள். இந்தத் தடவை நிஜமாகவே வேண்டியிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை மாலை தெருவுக்குக் கரண்ட் போனது. நான் கனடாவின் பெரிய மேலாளர்களோடு பேசிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வில்கினும் யாருடனோ பேச்சில். திடீரென்று எல்லாம் அணைந்தது. பின்கட்டுக்கு ஓடினால் இன்வெர்ட்டரின் பெரிய சுவிட்ச் கீழே இழுக்கப்பட்டிருந்தது. அது எந்தச் சுவிட்ச் என்று நயேலிக்குக் காட்டியது யார்? "இதுதான்டா தங்கம் என் சிங்காசனம்" என்று நீங்கள்தான்.

அவள் வெளியே நடைபாதையில் நின்றாள். நான்கு நாற்காலிகளையும் அவளே இழுத்துப் போட்டிருந்தாள். டோமினோ கட்டைகளைக் கவிழ்த்து வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "கரண்ட் போயிருச்சும்மா, வா!" என்றாள். அவ்வளவு சந்தோஷம் முகத்தில்.

அடித்துவிட்டேன், மாமா. தெரு முழுக்கப் பார்த்தது. அவள் அழவில்லை. ஒவ்வொரு நாற்காலியாக உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.

மேலிடத்திலிருந்து எச்சரிக்கை வந்திருக்கிறது. வில்கின் சுவிட்சுக்குக் கூண்டு செய்து பூட்டிவிட்டார். ஜூலை, ஆகஸ்ட் எங்களுக்கு மூச்சுவிட முடியாத மாதங்கள். பள்ளி திறக்கும்வரை அவளை உங்களிடம் அனுப்புகிறேன். செனோனிடம் சொல்லிவிட்டேன்.

யூதெல்கா


போலோ
ஆகஸ்ட் 17

அன்பு மருமகளே,

கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும்.

உன் மகள் இங்கே ஒரு யானை அளவு சாப்பிடுகிறாள். என் வாழைக்காய் மசியலைச் சட்டியோடு காலி செய்கிறாள். கழுதைக்கு மேயரின் பெயரை வைத்திருக்கிறாள். மேயர் கோபித்துக்கொண்டார், கழுதையும்தான்.

பள்ளி திறக்கப் போகிறதே, பெட்டியைக் கட்டுவோமா என்றேன். அவள் கேட்டாள்:

"தாத்தா, இங்க கரண்ட் அடிக்கடி போகுமா?"

"போகும் தங்கம். இந்த ஒரு விஷயத்துல நம்ம அரசாங்கம் வாக்குத் தவறாது."

"அப்ப நான் இங்கயே இருக்கேன்."

சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். சிரிப்பு வரவில்லை. அவளுக்கு இருட்டென்றால் பயம் என்று எண்ணி அந்த இன்வெர்ட்டரைச் சுமந்து வந்தேனே, யூதெல்கா! அன்று அவள் எதற்கு அழுதாள் என்று இப்போதுதான் இந்த மண்டையில் ஏறியது. உங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த ஒரே ஞாயிற்றுக்கிழமையை நான் கம்பி போட்டு அடைத்துவிட்டேன்.

பிள்ளையை டிரைவர் கையில் அனுப்பமாட்டேன். அவள் அவகாடோ மூட்டை அல்ல. நீ வா. நீயே வந்து கூப்பிடு.

உன் மாமா


போலோ
செப்டம்பர் 2

யூதெல்காவுக்கு,

நீ இங்கே வந்துவிட்டு ஞாயிறு மாலை பஸ்ஸில் ஏறும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாய். அதனால் அங்கே சொல்ல முடியாததை எழுதுகிறேன்.

நீ ஃபோனை அணைத்து என் கையில் கொடுத்ததை நயேலி பார்த்தாள். பார்த்துவிட்டு உன்னிடம், "எத்தனை மணிக்கும்மா வேலை?" என்று கேட்டாள். "இன்னிக்கு ஒண்ணும் இல்லடி, நாள் பூரா உன்கூடத்தான்" என்றாய். "சரி" என்றாள். உனக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள், விருந்தாளிக்குக் கொடுப்பதுபோல, தட்டு வைத்து.

அப்புறம் விளையாடினீர்கள். நீ சொக்கட்டான் பலகையை எடுத்தாய், அவள் வேண்டாமென்றாள். வீடு கட்டி விளையாடலாம் என்றாய், அதுவும் வேண்டாம். கல் தூக்கிப் பிடிப்பது, ஒற்றையா இரட்டையா, இப்படியே நாள் முழுக்க. அவளுக்கு அவைதான் பிடிக்குமென்று நீ நினைத்தாய். என்னோடு அவள் ஒரே ஆட்டத்தை மூன்று நாள் ஆடுகிறவள். உன்னோடு ஆடும்போது மட்டும், நீ பாதியில் எழுந்துபோனாலும் கெடாத ஆட்டமாகப் பார்த்துப் பொறுக்கினாள்.

அவள் உன்மேல் கோபமாக இல்லை. கோபமாக இருந்தால் ஆயிரம் பொய் சொல்லிச் சிரிக்கவைத்திருப்பேன். இதற்கு என்னிடம் பொய் இல்லை.

"டிசம்பர் வரைக்கும் இங்கயே படிக்கட்டும் மாமா" என்று நீ சொன்னபடி இங்குள்ள பள்ளியில் சேர்த்துவிட்டேன். ஒவ்வொரு ஞாயிறும் வருவேன் என்று அவளிடம் சொல்லச் சொன்னாய். சொன்னேன். தலையாட்டிவிட்டுக் கழுதைக்குப் புல் போடப் போனாள்.

இனி நீ வருவதை அவளிடம் முன்கூட்டிச் சொல்லமாட்டேன், நீ வந்து நில். முதல் பஸ் அங்கே கிளம்பும்போது வெளிச்சம் வந்திருக்காது. சால்வை எடுத்துக்கொள், குளிரும்.

தியோதுலோ